மெர்சின் 10

2010 ஜூலை 20. சைப்ரஸ் தீவின் லிமசோலுக்கு வந்து நாலே நாள் ஆகியிருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு சைரன் ஊதியது.

பதினோரு வருடம் கப்பலில் கழித்தவனுக்கு சைரன் கேட்டால் மூளைக்கு முன்னால் கால் எழுந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டுக்காகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிய பிறகுதான் இது கப்பல் இல்லை, வாடகை வீடு என்று உறைத்தது. பால்கனிக்கு ஓடினேன். தெருவில் யாரும் பதறவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் பனியனோடு தன் பால்கனியில் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். சைரன் அடங்கியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே வீட்டுக்காரம்மா தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "பயந்துட்டியா யியே மு?" என்றார். யியே மு என்றால் மகனே. 1974ல் துருக்கிப் படை கரையிறங்கிய நேரமாம் அது. வருடம் தவறாமல் ஊதுவார்களாம். ஜூலை 15 காலை 8:20க்கு இன்னொன்று உண்டு. ஏதென்ஸில் இருந்த ராணுவ ஆட்சி, தீவின் ஜனாதிபதி மக்காரியோஸைக் கவிழ்த்த நேரம் அது. "அதுக்குள்ள நீ வந்து சேரலை, தப்பிச்சே."

அதே ஜூலை 20, அந்தப் படை பிடித்துவைத்திருக்கும் தீவின் வடக்கே அரசு விடுமுறை. அணிவகுப்பு, கொடியேற்றம் எல்லாம் உண்டு. அங்கே அதன் பெயர் அமைதி மற்றும் விடுதலை நாள்.

எனக்கு வேலை ஒரு கப்பல் மேலாண்மை ஆபீஸில். லிமசோல் அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். தூத்துக்குடியிலும் சென்னையிலும் கப்பலுக்குப் போகிறவர்களில் பலருக்கு அந்த ஊரைப் பார்த்ததில்லை என்றாலும் பெயர் தெரிந்திருக்கும். முதல் வாரமே ஒரு ஃபைலைக் கையில் கொடுத்து, "இதைப் படிக்காமல் எந்தக் கப்பலுக்கும் பயணத் திட்டம் போடாதே" என்றார்கள். உள்ளே இருந்தவற்றில் ஒன்று சைப்ரஸ் அரசின் அறிவிப்பு. வடக்கே உள்ள ஃபமகுஸ்டா, கிரீனியா, கரவொஸ்டாசி ஆகிய மூன்று துறைமுகங்களும் 1974 அக்டோபர் முதல் மூடப்பட்டவை. மீறிப் போகிற கேப்டன் மீது வழக்கு. இன்னொன்று எதிர்ப்பக்கத்துச் செய்தி. 1987 முதல் சைப்ரஸ் கொடி பறக்கும் கப்பலைத் துருக்கி தன் துறைமுகங்களில் ஏற்பதில்லை.

மூடப்பட்டவை என்றால் மூடிக் கிடக்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். ஃபமகுஸ்டாவில் துருக்கியிலிருந்து கப்பல் வந்தபடிதான் இருக்கிறது. கிரேன் ஓடுகிறது, லாரி வரிசையில் நிற்கிறது. மூடியிருப்பது காகிதத்தில். துருக்கிக் கரை எழுபது கிலோமீட்டர்தான். அங்கே ஒரு நல்ல சரக்கு கிடைத்தால்கூட சைப்ரஸ் கொடிக் கப்பலுக்கு இல்லை. கொடியை மாற்று, அல்லது சரக்கை விடு. அந்தத் தீவை இரண்டாக்கிய கோட்டை நான் முதலில் பார்த்தது முள்வேலியாக இல்லை. துளை போட்டு ஃபைலில் கோத்த தாளாகத்தான் பார்த்தேன்.

மெர்சின் 10 என்ற முகவரியும் அந்த ஆபீஸில்தான் அறிமுகம். வடக்கே இருப்பவர்கள் 1983 நவம்பர் 15ல் தங்களைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டார்கள். துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அதை ஏற்கவில்லை. ஏற்காத நாட்டுக்குத் தபால் எப்படிப் போகும்? அதனால் வடக்கே போகிற கடிதத்தில் ஊர்ப் பெயருக்குக் கீழே 'மெர்சின் 10, துருக்கி' என்று எழுத வேண்டும். மெர்சின் என்பது கடலுக்கு அந்தப் பக்கம், துருக்கி மண்ணில் உள்ள துறைமுக நகரம். விமானமும் அப்படித்தான். வடக்கே எர்ஜான் விமான நிலையத்துக்குப் போகும் எதுவும் துருக்கியில் ஒருமுறை தரையைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சைப்ரஸ் பிரிவினை என்றதும் எல்லோரும் 1974 என்பார்கள். கோடு அதற்குப் பத்து வருடம் மூத்தது. 1963 டிசம்பர் 21ல் தலைநகர் நிகோசியாவில் துப்பாக்கிச் சண்டை மூண்டு, கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க கிரேக்கர், துருக்கியர் என்று இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். டிசம்பர் 30ல் பீட்டர் யங் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, கையிலிருந்த பச்சைப் பென்சிலால் நகரப் படத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். தற்காலிக ஏற்பாடு. அதுதான் இன்றுவரை பச்சைக் கோடு. 1974க்குப் பிறகு தீவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை 180 கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது. சில இடத்தில் ஏழு கிலோமீட்டர் அகலம். பழைய நிகோசியாவின் சந்துகளில் நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம், வைக்க விட்டால்.

பென்சில் எடுக்கிற நிலைமை ஏன் வந்தது என்பதற்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு பதில் கேட்டேன். இரண்டும் பாதி உண்மை. சைப்ரஸ் கிரேக்கர்கள் கேட்டது எனோசிஸ், அதாவது கிரீஸோடு இணைவது. 1950ல் தேவாலயம் நடத்திய வாக்கெடுப்பில் 96 சதவீதம் பேர் அதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். 1955 ஏப்ரல் 1 முதல் அதற்காக எயோக்கா என்ற ஆயுதக் குழு பிரிட்டிஷாரைத் தாக்கத் தொடங்கியது. பிரிட்டிஷார் அதை அடக்கத் துணைப் போலீஸில் சைப்ரஸ் துருக்கியர்களைச் சேர்த்தார்கள். சுடுகிறவன் கிரேக்கன், சுடப்படுகிற போலீஸ்காரன் துருக்கியன் என்று ஆக்கிவைத்தால் அப்புறம் கேட்கவா வேண்டும். துருக்கியர்கள் பதிலுக்குக் கேட்டது தக்சிம், அதாவது தீவைப் பிரிப்பது. கடைசியில் 1960 ஆகஸ்ட் 16ல் கிடைத்தது இந்த இரண்டும் இல்லை. யாரும் பெரிதாகக் கேட்டிராத சுதந்திரம்.

அதற்கு மூன்று பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். பிரிட்டன், கிரீஸ், துருக்கி. ஜாமீன்தாரர்களில் ஒருவர் 254 சதுர கிலோமீட்டரைத் தன் ராணுவத் தளங்களுக்கென்று தனியாக எடுத்துக்கொண்டார். அக்ரோதிரி என்ற பிரிட்டிஷ் தளம் என் ஆபீஸிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். ஜனாதிபதி கிரேக்கர், துணை ஜனாதிபதி துருக்கியர் என்று அரசியல் சட்டம் சொன்னது. அரசு வேலையில் 70க்கு 30. மக்கள்தொகையில் துருக்கியர்கள் சுமார் 18 சதவீதம். அவர்களுக்கு எப்படி முப்பது என்று கிரேக்கர்களுக்குக் குமைச்சல். அது இல்லாவிட்டால் எங்களை கிரீஸோடு சேர்த்து விழுங்கிவிடுவார்கள் என்று துருக்கியர்களுக்குப் பயம். வரிச் சட்டம் என்றால் நாடாளுமன்றத்தில் இரு பக்கமும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். வருமான வரிச் சட்டமே அதில் சிக்கி நின்றது. மூன்று வருடம் ஓடியது அந்த வண்டி. 1963 நவம்பரில் மக்காரியோஸ் பதின்மூன்று திருத்தங்களை நீட்டினார், டிசம்பரில் துப்பாக்கி வெடித்தது.

இதையெல்லாம் நான் படித்தது பிறகு. கேட்டுத் தெரிந்துகொண்டது கிரீனியாவில் ஒரு காபிக்கடையில்.

2010 அக்டோபரில் முதல்முறை வடக்கே போனேன். நிகோசியாவில் அயோஸ் தொமெத்தியோஸ் வழியாகக் கார் தாண்டலாம். தெற்குப் பக்க போலீஸ் என் குடியிருப்பு அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். வடக்குப் பக்கக் கூண்டில் இருந்தவர் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டைக் கொடுத்துப் பெயர், பாஸ்போர்ட் எண் எழுதச் சொல்லி, அந்தச் சீட்டில் முத்திரை குத்தினார். பாஸ்போர்ட்டில் குத்தவில்லை. இல்லாத நாட்டின் முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்தால் நாளைக்கு எனக்குச் சிக்கல் வரலாம் என்று அவர்களே அப்போது செய்துகொடுத்த வசதி. தெற்கே எடுத்த கார் இன்சூரன்ஸ் அங்கே செல்லாது, பக்கத்துக் கூண்டில் தனியாக ஒன்று வாங்க வேண்டும். மற்றபடி எதுவும் மாறவில்லை. அதே இடதுபக்கச் சாலை, அதே பிரிட்டிஷ் மூணு முள் பிளக். எதிரே மலைச்சரிவில் மட்டும் பிரம்மாண்டமான வடசைப்ரஸ் கொடி வரைந்திருக்கிறார்கள். நிகோசியாவின் தெற்குப் பாதியில் மாடியில் துணி காயப்போடப் போனாலும் கண்ணில் படும். ராத்திரியில் விளக்குப் போட்டுக் காட்டுவார்கள். அந்த மலைக்கு கிரேக்கத்தில் பெந்தாதாக்திலோஸ், துருக்கியில் பெஷ்பர்மாக். இரண்டுக்கும் அர்த்தம் ஐந்து விரல்.

கிரீனியாவுக்கு நான் போனது கோட்டைக்குள் இருக்கிற ஒரு கப்பலைப் பார்க்க. கி.மு. நாலாம் நூற்றாண்டுச் சரக்குக் கப்பல். கடலடியில் கிடந்ததை அறுபதுகளின் இறுதியில் எடுத்து, பலகை பலகையாகச் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். நானூறுக்குக் கிட்டத்தட்ட ஜாடிகள், பெரும்பாலும் ரோட்ஸ் தீவிலிருந்து வந்த ஒயின். ஒன்பதாயிரத்துக்கு மேல் பாதாம் கொட்டைகள். சாப்பாட்டுப் பாத்திரங்கள் நாலு நாலாக இருந்ததால் நாலு பேர் ஓட்டியிருப்பார்கள் என்கிறார்கள். நாலு பேர்! எங்கள் கப்பலில் இருபத்திரண்டு பேர் இருந்தும் ஆள் பற்றவில்லை என்று தினம் புலம்புவோம்.

வெளியே வந்து துறைமுகத்துக்குப் பின்சந்தில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்தேன். காபிக்கு யூரோ வாங்குவீர்களா என்று கேட்டுச் சில்லறையை மேசையில் கொட்டினேன். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். ஐம்பது சென்ட் காசு ஒன்றை எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தார். "இப்ப பார்த்துட்டு வந்தியே, அதான் இது." தெற்கு சைப்ரஸ் 2008ல் யூரோவுக்கு மாறியபோது பத்து, இருபது, ஐம்பது சென்ட் காசுகளில் கிரீனியாக் கப்பலைத்தான் அடித்தது. கப்பல் இந்தப் பக்கம், அதன் படம் அந்தப் பக்கத்துச் சட்டைப்பையில். மூன்று மாதமாக அந்தக் காசைப் புழங்கியும் நான் கவனிக்கவில்லை.

எங்கே குடியிருக்கிறாய் என்றார். லிமசோல் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எந்தத் தெரு?" சொன்னேன். "அது புதுசு. கோட்டைப் பக்கம் போயிருக்கியா? அங்காரா தெரு இருக்கா இன்னும்?" இருக்கிறது. தெற்கே துருக்கித் தெருப் பெயர்கள் பலவற்றை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், பலகையே இருக்கிறது. அவர் நம்பவில்லை. வடக்கே ஊர்ப் பெயர்களையே மாற்றிவிட்டதைப் பார்த்தவர் எப்படி நம்புவார்? கிரீனியாவே இப்போது கிர்னே.

அவர் சொன்னதில் கதை 1963ல் தொடங்கியது. தீவு முழுக்க சுமார் 25,000 துருக்கியர்கள் ஊரைவிட்டு ஓடித் தனிப்பேட்டைகளில் அடைந்த காலம் அது. சிமென்ட் மூட்டை வாங்கக்கூட அனுமதி கிடைக்காது, வெளியே போய்வர சோதனைச்சாவடி. 1974 ஆகஸ்ட்டில் துருக்கிப் படை தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்த பிறகு, தெற்கே மிஞ்சியிருந்த துருக்கியர்கள் வடக்கே வந்தார்கள். லிமசோல்காரர்கள் நிறையப் பேர் கிரீனியாவில் குடியேறினார்கள். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. "பயம் போச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஊரும் போச்சு" என்றார். கடைக்குள் யாரையோ பார்த்துக் குரல் கொடுத்தார். அது கிரேக்கம். உள்ளேயிருந்து அவர் மனைவியும் கிரேக்கத்திலேயே பதில் சொன்னார். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத விஷயம் பேச அந்த பாஷை என்று சிரித்தார்.

வீட்டுக்காரம்மாவின் கதை அப்படியே தலைகீழ். அவருக்கு 1963 என்றால் ஏதோ கலவரம், சரியாக ஞாபகமில்லை. எல்லாம் தொடங்கியது 1974ல். வடக்கே லாபித்தோஸில் எலுமிச்சைத் தோட்டம், வீடு. கட்டிய துணியோடு கிளம்பி, ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தவர். அப்படித் தெற்கே வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர் பேரனின் பள்ளி நோட்டு அட்டையில் கிரீனியாவின் படம், கீழே 'தென் க்ஸெக்னோ', மறக்கமாட்டேன். பார்க்காத ஊரை மறக்காமல் இருக்க எட்டு வயதுப் பையனால் எப்படி முடியும் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

2003 ஏப்ரல் 23ல் முதன்முதலாக வழி திறந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று தங்கள் வீட்டைப் பார்க்கப் போனார்கள். வீட்டுக்காரம்மாவும் போனார். வீட்டில் தெற்கே பாஃபோஸ் பக்கத்து கிராமத்திலிருந்து வந்த துருக்கிக் குடும்பம் இருந்தது. காபி போட்டுக் கொடுத்து, கிளம்பும்போது ஒரு பை எலுமிச்சையும் கொடுத்தார்களாம். "என் மரத்து எலுமிச்சை, எனக்கே அன்பளிப்பு." அப்புறம் அவர் போகவே இல்லை. அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதற்கு அவர் சொன்ன வார்த்தை கோச்சானி. துருக்கியில் கோச்சான். நிலப்பத்திரத்துக்கு இரு பக்கமும் அதே ஒட்டோமான் காலத்துச் சொல்தான். பாஃபோஸ் குடும்பத்திடமும் ஒரு கோச்சான் இருக்கும். தெற்கே விட்டு வந்த சொத்துக்கு ஈடாக வடக்கு நிர்வாகம் இந்த வீட்டை எழுதிக் கொடுத்திருக்கும். எஷ்தேயர், சமமதிப்பு என்று அதற்குப் பெயர். பாஃபோஸில் அவர்கள் விட்டு வந்த வீட்டையோ தெற்கே உள்துறை அமைச்சர் காப்பாளராக இருந்து வேறு அகதிக்கு வாடகைக்கு விட்டிருப்பார். ஒரு வீட்டுக்கு இரண்டு பத்திரம், இரண்டும் முத்திரையோடு.

2011 ஜூலையில் இந்தப் பிரிவெல்லாம் எவ்வளவு மெல்லிசு என்று பார்த்தேன். 11ஆம் தேதி விடியற்காலை ஜன்னல் கண்ணாடி படபடவென்று அதிர்ந்தது. மாரி என்ற இடத்தில் கடற்படைத் தளத்தில் வெயிலில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்த 98 கன்டெய்னர் வெடிபொருள் வெடித்து 13 பேர் இறந்தார்கள். ஈரானிலிருந்து சிரியாவுக்குப் போன ஒரு சைப்ரஸ் கொடிக் கப்பலில் பறிமுதல் செய்த சரக்கு அது. எங்கள் தொழிலில் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசாத ஆளில்லை. பக்கத்தில் இருந்த வசிலிகோஸ் மின் நிலையம் நாசம். தெற்கின் மின்சாரத்தில் பாதி போனது. உச்சி வெயிலில் ஆபீஸில் ஏசி இல்லாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு வாரத்துக்குள் வடக்கிலிருந்து மின்சாரம் வந்தது. இல்லாத நாட்டிடம் வாங்குவதாகக் கணக்கில் வரக்கூடாது என்பதால் இரு பக்க வர்த்தகச் சபைகள் நடுவில் நின்றன. முன்பு 1974க்குப் பிறகு வருடக்கணக்கில் தெற்குதான் வடக்குக்குக் காசு வாங்காமல் மின்சாரம் கொடுத்து வந்தது. அந்த ஜூலை 20க்கும் சைரன் ஊதியது. என் மின்விசிறி எந்தப் பக்கத்து கரண்டில் ஓடியது என்று பில்லில் போடவில்லை.

நிகோசியாவின் சாக்கடை இன்னும் பழைய கதை. நகரம் பிரிந்தபோது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான இடம் வடக்கே மியா மிலியாவில் மாட்டிக்கொண்டது. வீடுகளில் பெரும்பகுதி தெற்கே. தண்ணீருக்குச் சரிவுதான் தெரியும், கோடு தெரியாது. 1978ல் தெற்கு மேயர் லெல்லோஸ் டெமெட்ரியாடிஸும் வடக்கு மேயர் முஸ்தஃபா அக்கின்ஜியும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். தலைவர்களின் சமரசப் பேச்சு ஒவ்வொன்றாக முறிந்தது, சாக்கடை மட்டும் நாற்பது வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடுகிறது. அதே அக்கின்ஜி பிறகு வடக்கின் தலைவராகி, 2017ல் ஸ்விட்சர்லாந்தில் கிரான்ஸ் மொன்டானாவில் நடந்த பேச்சில் உட்கார்ந்தார். அது முறிந்தது.

என் அபிப்பிராயம் கேட்டால், வெறுப்பு அந்தத் தீவைப் பிரித்து வைத்திருக்கவில்லை. பழகிப்போனதுதான் பிரித்து வைத்திருக்கிறது. 2004 ஏப்ரல் 24ல் ஐ.நா. கொண்டுவந்த இணைப்புத் திட்டத்துக்கு வடக்கே 65 சதவீதம் பேர் சரி என்றார்கள், தெற்கே 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு வாரத்தில், மே 1 அன்று, தெற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. வேண்டாம் என்று சொன்னதால் எதுவும் நஷ்டமில்லை என்றால் மனிதன் வேறென்ன சொல்வான்? தெற்கத்தி நண்பர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். பல்லாயிரம் துருக்கி ராணுவத்தினர் வடக்கே உட்கார்ந்திருக்கும்போது பழக்கம் என்று எப்படிச் சொல்கிறாய் என்பார்கள். அதுவும் நியாயம்.

லார்னாகாவில் ஜெனரல் திம்மையாவின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. விமான நிலையத்துக்கு மாலுமிகளை ஏற்றிவிடப் போகும்போது அந்தப் பலகையைப் பார்ப்பேன். குடகுக்காரர். ஐ.நா. அமைதிப்படையின் தளபதியாக வந்து 1965 டிசம்பரில் சைப்ரஸிலேயே இறந்தார். அவருக்கு முன்னால் கியானி, 1974ல் பிரேம் சந்த், மூன்று பேரும் இந்தியர்கள். தற்காலிகமாக வந்த அந்தப் படை இன்னும் கிளம்பவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் ஏன் அப்படி நின்றார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. காணாமல்போனவர்கள் பட்டியலில் அவர் தம்பி பெயர் இருந்தது. மொத்தம் 2,002 பெயர்கள். 1,510 கிரேக்கர்கள், 492 துருக்கியர்கள். கைவிடப்பட்ட நிகோசியா விமான நிலையத்தின் பக்கம், ஐ.நா. பாதுகாப்பில் ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. இரு பக்கத்து இளம் விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் எலும்புகளை வரிசைப்படுத்தி, மரபணு பார்த்து, யாருடையது என்று சொல்கிறார்கள். ஆயிரத்துக்கு மேல் அடையாளம் கண்டு குடும்பங்களிடம் கொடுத்துவிட்டார்கள். 2012ல் பெரியவர் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. தெருவே சர்ச்சுக்குப் போனது, நானும் போனேன். அடுத்த ஜூலை 20 விடியற்காலை அவர் பால்கனிக்கு வரவில்லை.

2013ல் ஊர் திரும்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்காரா தெருவில் பலகை தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்தேன். நேரில் கொண்டுபோய்க் கொடுக்க நினைத்து, கடைசி வார ஓட்டத்தில் முடியவில்லை. தூத்துக்குடியில் ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு, கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்த முகவரியை உறைமேல் எழுதித் தபாலாபீஸுக்கு எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா படித்துப் பார்த்தார்.

"கிர்னே, மெர்சின் 10, துருக்கி. கிர்னேங்கறது மெர்சின்ல இருக்கிற ஏரியாவா சார்?"

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"ஆமாங்க" என்றேன். எடை போட்டு, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தி உள்ளே எறிந்தார்.